விருந்தாளிக்குச் சொன்ன பதில்

1992ஆம் வருஷம், கோடை விடுமுறை. எனக்குப் பன்னிரண்டு வயது. மாயவரத்துக்கு ஆறு மைல் தள்ளியிருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் மத்தியானம், தோளில் ஒரு பையும் கையில் கத்தையாகக் காகிதங்களுமாக ஓர் இளம் பெண் வந்தாள். கணக்கெடுக்க வந்திருப்பதாகச் சொன்னாள். அம்மா அவளைத் திண்ணையில் உட்கார விடவில்லை. உள்ளே அழைத்துவந்து, மின்விசிறிக்கு நேர் கீழே பாயை விரித்து, உப்பும் பெருங்காயமும் போட்ட மோர் ஒரு டம்ளர் கொடுத்தாள். எங்களை வெளியே போய் விளையாடச் சொன்னாள். நானும் தங்கையும் போகவில்லை. கூடத்துக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டோம். ஆறு வயதுத் தம்பியும் எங்களோடு ஒட்டிக்கொண்டான்.

கேள்விகள் வெகு நேரம் நடந்தன. வீட்டில் எத்தனை அறை, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வயதில் கல்யாணம் என்பதெல்லாம் முடிந்த பிறகு அந்தப் பெண் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, பிள்ளையே பெறாத காலத்துக்கு நீங்க திரும்பிப் போகலாம், எத்தனை வேணும்னு நீங்களே முடிவு பண்ணலாம்னா, எத்தனை பெத்துக்குவீங்க?"

அம்மா யோசிக்கவே இல்லை. "ரெண்டு" என்றாள்.

எங்கள் மூவரில் தம்பிதான் கடைசி. அவனுக்கு மூன்று வரை எண்ணத் தெரியும். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. காரணம் அம்மாவுக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது, நாங்கள் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி எங்கிருந்து எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தது என்பதை அறிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷம் பிடித்தது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன் நான். புள்ளிவிவரம் என்றால் எட்டி நிற்பவன். ஆனாலும் கதை எழுதுகிறவனுக்கு, மனிதர்கள் மனத்தில் இருப்பதை வாயால் சொல்வார்களா என்ற விவகாரத்தில் தொழில்ரீதியான அக்கறை உண்டு. அந்த அக்கறையில் படித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மனிதனுடைய மனோபாவத்தை, அரிசியைப் படியால் அளப்பதுபோல் அளந்துவிடலாம் என்று முதலில் துணிந்து சொன்னவர்களில் ஒருவர், சிகாகோ சர்வகலாசாலையில் இருந்த லூயி தர்ஸ்டன். மனோபாவங்களை அளக்க முடியும் என்பதையே தலைப்பாக வைத்து 1928இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் அடிப்படையில் இயந்திர எஞ்சினியர்; எடிசனிடம் சிறிது காலம் வேலை பார்த்தவர் என்பது எனக்கு வேடிக்கையாகவும் பொருத்தமாகவும் படுகிறது. அவருடைய முறை இது. ஒரு விஷயத்தைப் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட வாக்கியங்களைச் சேகரிப்பது. அவற்றைப் பலரிடம் கொடுத்து, கடும் எதிர்ப்பிலிருந்து முழு ஆதரவு வரையில் பதினோரு குவியல்களாகப் பிரிக்கச் சொல்வது. எந்த வாக்கியம் எந்தக் குவியலில் விழுகிறது என்பதைக் கொண்டு அதற்கு ஒரு மதிப்பு எண் தருவது. பிறகு ஒருவன் எந்த வாக்கியங்களை ஒப்புக்கொள்கிறானோ, அந்த எண்களே அவனுடைய மனம். சர்ச், யுத்தம், மதுவிலக்கு என்று இப்படிப் பல அளவுகோல்கள் தயாராயின. கர்ப்பத்தடைக்கும் ஒன்று தயாராயிற்று. 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்பவர் இதை எளிமையாக்கினார். முழுச் சம்மதம், சம்மதம், தீர்மானமில்லை, சம்மதமில்லை, கொஞ்சமும் சம்மதமில்லை என்று ஐந்தே படிகள். இன்று வங்கியிலிருந்து ஆஸ்பத்திரி வரை எவர் அபிப்பிராயம் கேட்டாலும் நீட்டுகிற அதே ஐந்து படிகள்தாம்.

எழுதப் படிக்கத் தெரிந்த கல்லூரி மாணவர்களுக்காகச் செய்த அளவுகோல் அது. கிராமத்து மனிதரிடம் வரும்போது காகிதத்தைக் கையில் கொடுக்க முடியாது. ஒருவர் நேரே போய் உட்கார்ந்து வாயால் கேட்கவேண்டும். அளக்கிற கோல் இப்போது ஒரு மனிதராகிவிட்டது. அதுவும் வீட்டுக்கு வந்த விருந்தாளியாகிவிட்டது. கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1952இல் இந்திய சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டை அரசாங்கக் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. உலகத்தில் அதற்கு முன் வேறெந்த சர்க்காரும் அப்படிச் செய்ததில்லை. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் அதற்கென்று 65 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். அதே சமயத்தில் ஐக்கிய நாடுகள் சபையும் இந்திய சர்க்காரும் சேர்ந்து மைசூர் ராஜ்யத்தில் ஜனத்தொகை ஆராய்ச்சி ஒன்றை நடத்தி, மற்றவற்றோடு இந்த அபிப்பிராயத்தையும் கேட்டுவைத்தன. அப்போது சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ரித் கௌர். காந்தியின் சிஷ்யை. சாதனங்களில் அவருக்குச் சம்மதமில்லை. மாதத்தில் சில நாட்கள் விலகியிருப்பது என்ற முறைக்கு மட்டும் இசைந்தார். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மூலம் ஏப்ரஹாம் ஸ்டோன் என்ற அமெரிக்க டாக்டர் வந்தார். டில்லி லோதி காலனியிலும் மைசூரைச் சேர்ந்த ராமநகரத்திலும் பரீட்சை நடந்தது. எழுத்தறியாத பெண்கள் நாட்களை எண்ணுவதற்காக ஆளுக்கொரு மணிமாலை. தினம் ஒரு மணியைத் தள்ளவேண்டும். பச்சை மணி என்றால் பயமில்லை, சிவப்பு மணி என்றால் விலகு.

இந்த முறையைக் கற்றுக்கொள்ள விருப்பமா என்று கேட்டபோது பெரும்பாலோர் விருப்பம் என்றார்கள். உண்மையில் கடைப்பிடித்தவர்கள் மிகச் சொற்பம். மாலையைக் கழுத்தில் அணிந்தாலே போதும் என்று சில பெண்கள் எண்ணினார்கள் என்றும், இருட்டில் நிறம் தெரியவில்லை என்றும், குழந்தைகள் மணிகளைத் தள்ளி விளையாடிவிட்டன என்றும் பல கதைகள் பிற்பாடு வழங்கின. அவற்றைச் சொல்லிச் சிரித்தவர்கள் பெண்களின் அறியாமையைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. விலகியிருக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிப்பவன் புருஷன். மாலை மனைவியின் கழுத்தில். இதில் அறியாமை யாருடையது?

இதே காலத்தில் பஞ்சாபில் இன்னும் பெரிய முயற்சி ஒன்று தொடங்கியது. லூதியானா ஜில்லாவில், கிராண்ட் டிரங்க் ரோட்டின்மேல் கன்னா என்ற தானியச் சந்தை ஊர் இருக்கிறது. அதைச் சுற்றிய கிராமங்களில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் பொதுச் சுகாதாரப் பள்ளி, 1950களின் நடுவிலிருந்து 1960 வரையில் ஓர் ஆராய்ச்சி நடத்தியது. இந்திய சர்க்காரும் லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் துணை நின்றன. ராக்ஃபெல்லர் ஸ்தாபனம் பணம் தந்தது. தலைமை தாங்கியவர்கள் ஜான் வையன், ஜான் கார்டன் என்ற இரண்டு டாக்டர்கள். கார்டன் தொற்றுநோய் ஆராய்ச்சியில் பேர்பெற்றவர். நோய் பரவுவதை ஆராய்கிற அதே முறையில் ஜனத்தொகைப் பெருக்கத்தையும் ஆராயலாம் என்பது அவர்களுடைய எண்ணம்.

சோதனைக் கிராமங்களில் சுமார் எட்டாயிரம் பேர். மாதம் ஒருமுறை ஊழியர்கள் வீடுவீடாகப் போய்க் கல்யாணமான பெண்களைப் பார்த்தார்கள். கர்ப்பத்தடைக்குப் பல முறைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவற்றில் முக்கியமானது பெண்கள் உபயோகிக்கவேண்டிய நுரை மாத்திரை, விழுங்குவதற்கல்ல. மாத்திரை, இலவசமாக, வீடு தேடி வந்தது. வேண்டுமா என்றார்கள், வேண்டும் என்று ஜனங்கள் வாங்கிக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டவர் கணக்கு முதலில் நம்பிக்கை தருவதாக இருந்தது. பிறப்பு எண்ணிக்கை மட்டும் அதற்கு இசையவில்லை.

1969இல் ஆராய்ச்சிக்காரர்கள் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். 1957இல் ஆயிரம் பேருக்கு 40 என்றிருந்த பிறப்பு விகிதம் 1968இல் 35 ஆகியிருந்தது. குறைந்தது மெய், ஆனால் அதற்குக் காரணம் மாத்திரை என்று காட்ட முடியவில்லை. இடைப்பட்ட காலத்தில் பெண்களின் சராசரிக் கல்யாண வயது பதினேழரையிலிருந்து இருபதுக்கு ஏறியிருந்தது. பெண்கள் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதை அவர்களிடம் யாரும் போதிக்கவில்லை.

இந்த இடத்தில் இன்னொருவர் வருகிறார். மஹ்மூத் மம்தானி பம்பாயில் பிறந்து, ஆப்பிரிக்காவில் உகாண்டாவில் வளர்ந்து, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இளைஞர். வயது இருபத்துநாலு, இருபத்தைந்து இருக்கும். கன்னா ஆராய்ச்சி நடந்த மனுப்பூர் என்ற கிராமத்துக்குப் போய், முன்னே வந்தவர்களைப் பற்றி ஊரார் என்ன நினைத்தார்கள் என்று விசாரித்தார். 1972இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஜனத்தொகைக் கட்டுப்பாடு என்பது ஒரு கட்டுக்கதை என்பது அதன் தலைப்பின் பொருள். சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த பிரதி ஒன்றை நான் எண்பது ரூபாய்க்கு வாங்கினேன்.

ஊரார் அவரிடம் சொன்னதன் சாரம் இதுதான். அந்த மனிதர்கள் நல்லவர்கள். எவ்வளவோ தூரத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் மாத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான். வாங்கிக்கொண்டால் எங்களுக்கு என்ன நஷ்டம்? அவர்களுக்கும் உத்தியோகத்தில் உயர்வு கிடைத்திருக்கும். ஒரு வீட்டில் மாத்திரைப் பெட்டிகளையும் புட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கூடத்து மூலையில் சிற்பம்போல் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் எறிந்துவிட்டோம், என் தம்பி எதையும் வீணாக்கமாட்டான் என்றாராம் அண்ணன்.

இன்னொருவர் மம்தானியைப் பழைய ஆராய்ச்சியைச் சேர்ந்த ஆள் என்றே நினைத்துக்கொண்டு பேசினார். தண்ணீர் சுமக்கும் ஜாதியைச் சேர்ந்த ஏழை அவர். பிள்ளைகள் போதும் என்று அன்று நீங்கள் சொன்னீர்கள். இன்று பாருங்கள், ஆறு பையன்களும் இரண்டு பெண்களும் எனக்கு இருக்கிறார்கள். அவர்கள் சம்பாதித்துக் கொடுக்கிறார்கள், நான் வீட்டில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறேன் என்ற கருத்தில் அவர் பேசியது, அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதியவர்களெல்லாம் எடுத்துச் சொல்லும் இடமாகிவிட்டது.

மம்தானியின் வாதம் தெளிவானது. ஜனங்கள் பிள்ளை பெறுவது அறியாமையால் அல்ல, கணக்குப் போட்டுத்தான். நிலம் கொஞ்சம் உள்ளவனுக்குக் கூலியாள் வைக்க வசதியில்லை, பிள்ளைகள்தாம் ஆட்கள். நிலமே இல்லாதவனுக்குப் பிள்ளைகள்தாம் முதுமைக்குச் சொத்து. அதிகப் பிள்ளைகளால் ஏழையானார்கள் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். ஏழையாக இருப்பதால் பிள்ளைகள் வேண்டியிருக்கிறார்கள் என்றார் இவர்.

முதல் தடவை படித்தபோது நான் கைதட்டாத குறைதான். இரண்டாம் தடவை படித்தபோது ஒரு சந்தேகம் எழுந்தது. மம்தானியும் தூரதேசத்திலிருந்து வந்த விருந்தாளிதானே? அவரும் படித்தவர், அவரும் பாயில் உட்கார்ந்து கேட்டவர். ஹார்வர்டு டாக்டர்களுக்குப் பிடித்த பதிலை அவர்களுக்குத் தந்த அதே ஜனங்கள், அந்த டாக்டர்களைப் பரிகாசம் செய்தால் சந்தோஷப்படுகிற இந்த இளைஞருக்கு அவருக்குப் பிடித்த பதிலைத் தந்திருக்க மாட்டார்களா? மேலும் அந்தப் புத்தகத்தை மூடிவைத்த பின் என் காதில் நிற்கும் குரல்களெல்லாம் ஆண்களுடையவை. ஆறு பையன்களையும் இரண்டு பெண்களையும் பெற்றவள் அந்த வீட்டுக்குள்ளேயே எங்கேயோ இருந்திருப்பாள். உட்கார்ந்திருப்பது தனக்குச் சௌக்கியம் என்று அவளும் சொல்வாளா?

நம் பக்கத்தில் 1930களிலேயே பெரியார் இந்த இடத்தைத் தொட்டுவிட்டார். மற்றவர்கள் தேசத்தின் வறுமைக்காகவும் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்றபோது, பெண்ணின் சுதந்திரத்துக்காக வேண்டும் என்று அவர் 'குடி அரசு' பத்திரிகையில் எழுதினார். அந்தக் கோணத்திலிருந்து ஒரு கேள்வித்தாளைத் தயாரித்திருந்தால், முதல் கேள்வி எத்தனை பிள்ளை என்பதாக இருக்காது. யார் தீர்மானிக்கிறார்கள் என்பதாக இருக்கும்.

காலமும் மம்தானியைப் பூரணமாக ஆதரிக்கவில்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், பஞ்சாபில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.6 பிள்ளை, தமிழ்நாட்டில் 1.8. பிள்ளைகளே சொத்து என்று கணக்குப் போட்டவர்களின் பேரன் பேத்திகள் வேறு கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கன்னா டாக்டர்களைப் பற்றியும் ஒரு நியாயம் சொல்லவேண்டும். அவர்கள் அபிப்பிராயம் மட்டும் கேட்கவில்லை. மாதாமாதம் போய், குழந்தை பிறந்ததா, இறந்ததா, என்ன நோயில் இறந்தது என்றும் எழுதிவைத்தார்கள். தாய்ப்பாலோடு மற்ற ஆகாரம் சேரத் தொடங்கும் பருவத்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, அதில் பல இறந்துபோவதை அந்தக் குறிப்புகளிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள். பால்மறக்கும் பருவத்துப் பேதி என்று அதற்கு 1963இல் ஒரு பெயரும் கொடுத்தார்கள். வைத்திய உலகம் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. மாத்திரையால் ஆகாதது அந்த நோட்டுப்புத்தகங்களால் ஆயிற்று. குழந்தை செத்துப்போயிற்றா என்று கேட்கிறவரிடம் மரியாதைக்காக யாரும் ஆமாம் என்று சொல்வதில்லை.

அதே 1963இல் எமிலி ஜோன்ஸ் என்ற பெண்மணி, தென்கிழக்கு ஆசியாவில் கணக்கெடுத்த அனுபவத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கேட்கிறவர் மனம் கோணக்கூடாது என்பதற்காகச் சொல்லப்படும் பதில்களால் கணக்கில் ஏற்படும் பிழையைப் பற்றியது அது. மரியாதைப் பிழை என்று அதைத் தமிழில் சொல்லலாம். விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்பது நம் வீட்டு தர்மம். புள்ளிவிவரத்தில் அதுவே பிழை. 1965இல் ஸ்டான்லி வார்னர் என்பவர் வேறொரு தந்திரம் கண்டுபிடித்தார். பதில் சொல்பவர் தாமே ஒரு முள்ளைச் சுழற்றுவார். அது எந்தக் கேள்வியில் நின்றதோ அதற்கு ஆமாம் அல்லது இல்லை என்பார். எந்தக் கேள்விக்கு என்பது கணக்கெடுப்பவருக்குத் தெரியாது. தனி மனிதரின் ரகசியம் ரகசியமாகவே இருக்கும். ஆயிரம் பேர் பதிலைச் சேர்த்தால் மட்டும் உண்மை விகிதம் தெரியும். அமெரிக்காவில் வட கரோலினாவில் கருக்கலைப்பைப் பற்றி இந்த முறையில் விசாரித்தார்கள். கேட்கிறவரின் காதைப் பொத்திவிட்டால் பதில் சொல்கிறவருக்கு வாய் திறக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த யுக்தி இது.

ஆனால் 1960களில் கொள்கை வகுத்தவர்கள் இத்தனை நுட்பங்களுக்குக் காத்திருக்கவில்லை. அறிவு, மனோபாவம், நடைமுறை என்ற மூன்றையும் கேட்கும் கணக்கெடுப்புகள் நாட்டுக்கு நாடு நடந்தன. எங்கேயும் ஏறக்குறைய ஒரே விடை: ஜனங்கள் விரும்புகிறார்கள், செய்யவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளிக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். விருப்பம் இருக்கிறது, வசதிதான் எட்டவில்லை என்று அதற்குப் பொருள் கொண்டார்கள். 'ஆமாம்' என்பதே உபசாரமாக இருக்கலாம் என்று எண்ணியவர்கள் குறைவு. இந்தியாவில் 1966 முதல் ஜில்லாவுக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்தார்கள். விரும்புகிறவர்களுக்குத்தானே இலக்கு, அதில் என்ன தவறு?

நெருக்கடி நிலையின்போது, 1976–77இல், ஒரே வருஷத்தில் 82 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. முந்தின வருஷத்தைப் போல் மூன்று மடங்கு. வட இந்தியக் கிராமங்களில் லாரி வந்தால் ஆண்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தார்கள். அந்த வருஷம் எவரும் எவருடைய மனோபாவத்தையும் அளக்கவில்லை. 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. வாக்குச் சாவடியில் கேட்பவர் முகம் தெரியாது. மோர் கொடுக்கவும் வேண்டாம். வடக்கே அந்த ஜனங்கள் சொன்ன பதில் எல்லோருக்கும் தெரியும். இலக்கு வைக்கும் வழக்கத்தை மத்திய சர்க்கார் 1996இல்தான் கைவிட்டது.

கேள்விகளும் மெல்ல மெல்ல மாறின. கர்ப்பத்தடையை ஆதரிக்கிறீர்களா என்று கேட்பதைக் குறைத்து, இன்னொரு குழந்தை வேண்டுமா, கடைசிக் குழந்தையை அந்தச் சமயத்தில் விரும்பினீர்களா என்று அவரவர் வாழ்க்கையை ஒட்டிக் கேட்க ஆரம்பித்தார்கள். பிள்ளையே இல்லாத காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லும் கேள்வியும் அந்த வரிசையில் வந்ததுதான். அதிலும் ஓர் ஓட்டையுண்டு என்பது அதைத் தயாரித்தவர்களுக்குத் தெரியும். மூன்று பிள்ளை பெற்றவள் இரண்டு போதும் என்று சொல்லத் தயங்குவாள். சொன்னால் மூன்றாவதை வேண்டாம் என்றதாகிவிடும். ஆகவே இருக்கிற எண்ணிக்கையையே ஆசைப்பட்ட எண்ணிக்கையாகப் பெண்கள் சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். என் அம்மா அந்த எதிர்பார்ப்பையும் பொய்யாக்கிவிட்டாள்.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் அந்த மத்தியானத்தைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு அந்தப் பெண்ணின் பை ஞாபகம் இருந்தது, மோர் ஞாபகம் இருந்தது, கேள்வி ஞாபகம் இல்லை. நான் சொன்னேன், தம்பி சாப்பிடாமல் படுத்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"பாவம், வெயில்ல நடந்து வந்திருந்துச்சு அந்தப் பொண்ணு. செவுத்துல எல்லாம் ரெண்டுன்னுதானே எழுதியிருந்தாங்க? ரெண்டுன்னா சட்டுனு எழுதிக்கிட்டுக் கெளம்பும்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

"இப்ப கேட்டா என்னம்மா சொல்லுவே?"

"யாரு கேக்குறாங்க? நீயா, அவனா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், மாடியில் வடகம் காய்கிறது, மழை வரும்போல் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.